ஓடாத விசிறி

இரண்டாம் ஆண்டு வேதியியல் படிக்கும்போதே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நுழைந்துவிட வேண்டும் என்ற ஆசை சுண்டுவைப் பிடித்து ஆட்டியது. சுண்டு என்பது அவளுடைய உயரத்தைப் பார்த்து வீட்டில் வைத்த பெயர். அது எப்படியோ அவளுக்கு முன்பே கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

துறைக் கட்டடத்தில் அவள் தட்டாத கதவு இல்லை. ஒரு பேராசிரியர், "முதல்ல பரீட்சையில பாஸ் பண்ணும்மா" என்றார். இன்னொருவர் போனிலிருந்து தலையைத் தூக்காமலே கையை ஆட்டி அனுப்பினார். மூன்றாம் மாடியின் கடைசி அறைக்கு வந்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. கதவைத் திறந்தவளுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கையில் உறை, பாதுகாப்புக் கண்ணாடியைத் தலைமுடிக்கு மேலே தூக்கிவிட்டிருந்தாள்.

"யாரைத் தேடறே?"

"ஆராய்ச்சி பண்ணணும்க்கா."

அவள் சிரித்துவிட்டாள். "பாத்திரம் கழுவுவியா?"

"கழுவுவேன்."

"வீட்டுல கழுவுவியா?"

சுண்டு மென்று விழுங்கினாள். "இல்லைக்கா."

"உண்மையைச் சொல்றே. சரி, உள்ளே வா."

அன்றிலிருந்து அவள் அக்காவானாள். முனைவர் பட்டத்துக்கான வேலையின் கடைசிக் கட்டத்தில் இருந்தாள். தண்ணீரில் கலந்திருக்கும் ஈயத்தை உறிஞ்சி எடுக்கும் ஒரு வெள்ளைத் தூளைச் செய்வதுதான் அவளுடைய ஆராய்ச்சி. தூள் ஏறக்குறைய கையில் வந்துவிட்டது. ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அந்தக் கூடத்தின் பேராசிரியர் குரலை உயர்த்தியே யாரும் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் "பார்த்துக்கலாம்" என்பார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயரும் 'பார்த்துக்கலாம் சார்'தான். சுண்டுவைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று அக்கா கேட்டபோதும் அதையே சொன்னார். அது சம்மதம் என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

முதலில் கொஞ்ச காலம் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவதிலேயே போயிற்று. கைத்தோல் சுருங்கி வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து அம்மா, "இங்கே ஒரு டம்ளரை நகர்த்தி வெக்க மாட்டே. ஊரான் வீட்டுப் பாத்திரம்னா இனிக்குதோ?" என்று வாரினாள். பஸ் ஓட்டிவிட்டு வந்து களைப்பாகப் படுத்திருந்த அப்பா மட்டும், "விஞ்ஞானின்னா சும்மாவா? அடியிலேர்ந்துதான் வரணும்" என்றார்.

பிறகு எடை போடக் கற்றாள், வடிகட்டக் கற்றாள். அக்கா திட்டுவதும் அதிகம், சிரிப்பதும் அதிகம். "ஏய் சுண்டு, எட்டலைன்னா ஸ்டூலைப் போட்டுக்கோ. அமிலத்தை அண்ணாந்து பார்த்து ஊத்தாதே" என்பாள். ஒரு நாள் தனியாக ஒரு சோதனையைச் செய்யச் சொன்னாள். மேசையின் மறு கோடியில் ஹாட்பிளேட் என்னும் சூடேற்றும் தட்டின் மேல் சுண்டுவின் குடுவை ஏறியது. அதில் இருந்தது சூடான எண்ணெய்க்குள் அமர்ந்து மெல்லக் காய வேண்டிய ஒரு மஞ்சள் கரைசல்தான். ஆனாலும் குடுவையின் கழுத்தில் தன் பெயர் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்து அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அந்த நாட்களில்தான் ஹூட் விசிறி நின்றுபோனது. ஹூட் என்பது முன்பக்கம் கண்ணாடி போட்ட பெரிய கூண்டு. ஆவியாகி எழும் எதையும் அதற்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும். மேலே இருக்கும் விசிறி ஆவியை உறிஞ்சிக் கூரைக்கு வெளியே தள்ளிவிடும். இப்போது பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்தது, விசிறி அசையவில்லை. அக்கா பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். சுண்டுவும் பின்னால் நின்றிருந்தாள்.

"சொல்லியிருக்கேன்மா, வருவாங்க. அதுவரைக்கும் ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு பண்ணுங்க. பார்த்துக்கலாம்."

யாரும் வரவில்லை. அக்கா மறுபடி போய்ச் சொன்னாள். அதற்கும் அதே பதில்தான். ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஜன்னலைத் திறந்தாள்.

அன்று மதியம் நல்ல வெயில். அக்கா தூளை ஈதர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈதர் திறந்த மாத்திரத்தில் ஆவியாகும், சூடு பட்டால் பற்றிக்கொள்ளும் திரவம். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் மேசையோடு மேசையாகத் தவழ்ந்து போகும். கண்ணுக்குத் தெரியாது. தித்திப்பான ஒரு வாசனை மட்டும் வரும். ஜன்னல் வழியாகக் காற்று ஜிலுஜிலுவென்று அடித்தது. அது வெளியே எதையும் கொண்டுபோகவில்லை. கூண்டுக்குள் இருந்த ஆவியை வாரிக்கொண்டு மேசையின் மறு கோடிக்குத்தான் போனது. அங்கே சுண்டுவின் ஹாட்பிளேட் காய்ந்துகொண்டிருந்தது.

சுண்டு சுவரோரம் இருந்த தராசில் எடை பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் பெரிய போர்வையை உதறியது போல ஒரு சத்தம். திரும்பினால் மேசை முழுவதும் நீலமாக எரிந்தது. ஹாட்பிளேட்டில் பிறந்த நெருப்பு ஒரே ஓட்டமாக ஓடிக் கூண்டுக்குள் புகுந்திருந்தது. அக்காவின் கையில் இருந்த புட்டி வெடித்தது. அக்கா கத்தவில்லை. "அம்மா" என்று சாதாரணமாகக் கூப்பிடுவது போல ஒரு தரம் சொன்னாள். அவளுடைய வலது தோளும் தலைமுடியும் எரிந்துகொண்டிருந்தன.

சுண்டுவுக்குக் கை கால் ஓடவில்லை. எவ்வளவு நேரம் அப்படி மரமாக நின்றாள் என்று பின்னால் எத்தனை யோசித்தும் அவளால் சொல்ல முடியவில்லை. அப்புறம் தன் வெள்ளை மேலங்கியைக் கழற்றி அக்காவின் தலையில் போட்டு அமுக்கினாள். இடுப்பைக் கட்டிப்பிடித்து வெளியே இழுத்தாள். பக்கத்து அறைக்காரர்கள் தீயணைப்புக் கருவியோடு ஓடி வந்தார்கள். தாழ்வாரத்துத் தரையில் உட்கார்ந்திருந்த அக்கா, "உனக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டாள். பாதுகாப்புக் கண்ணாடி அவள் தலைமுடியோடு உருகி ஒட்டியிருந்தது. வேர்க்கிறதென்று துடைக்க ஒரு நிமிடம்தான் அதை மேலே தூக்கியிருந்தாள்.

வலது கண் போயிற்று. வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பிரித்துத் தைத்தார்கள். பேராசிரியர் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நாற்காலி இருந்தும் சுவரோரமாக நின்றுகொண்டே இருப்பார். அக்காவின் அம்மா டீ வாங்கிக் கொடுத்தால் குடிக்காமல் கையில் வைத்திருப்பார். அவர் நடிக்கிறார் என்று சுண்டுவுக்குத் தோன்றவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பேசும்படி ஆனதும் அக்கா அவளை மட்டும் வரச் சொல்லி அனுப்பினாள். முகத்தில் பாதிக்குமேல் கட்டு. ஒற்றைக் கண் மட்டும் சுண்டுவைத் தேடிப் பிடித்தது.

"விசாரணைன்னு கூப்பிடுவாங்க. நான் சொன்னதையே நீயும் சொல்லு."

"என்ன சொன்னீங்கக்கா?"

"ஹூட் நல்லாத்தான் ஓடிச்சு. நான்தான் போட மறந்துட்டேன். ஹாட்பிளேட்டையும் நான்தான் போட்டேன். நீ தராசுல இருந்தே, உனக்கு ஒண்ணும் தெரியாது."

"அக்கா, ஹூட்டுதான் ஓடவே இல்லையே. நீங்க எத்தனை தடவை போய்ச் சொன்னீங்க! அந்த ஹாட்பிளேட்டும் என்னோடது."

"உன்னோடதுன்னு சொன்னா உன்னைத் தூக்கி வெளியே போட்டுடுவாங்க. ஹூட் ஓடலைன்னு சொன்னா லேபை சீல் வெச்சுடுவாங்க. சாரை மாத்துவாங்க. அப்புறம் என் கடைசி அத்தியாயத்துல யாருடி கையெழுத்து போடுவா? இத்தனை வருஷம் நான் எதுக்காகப் பண்ணினேன்?" அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "என் கவனக்குறைவுன்னா ஒரு எச்சரிக்கையோட விட்டுடுவாங்க. சார் சொல்லியிருக்காரு. கண்ணு போனது போயிடுச்சு. பட்டமாவது வரட்டும்."

"சார்தான் இப்படிச் சொல்லச் சொன்னாரா?"

"அவர் எங்கே எதைச் சொன்னாரு? என்னென்ன நடக்கும்னு சொன்னாரு. மிச்சத்தை நானா புரிஞ்சுக்கிட்டேன்." பிறகு கெஞ்சலாக, "சுண்டு, நான் உன்கிட்ட வேற எதுவும் கேட்டதில்லையே" என்றாள்.

அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நான் பஸ் ஓட்டறவன்மா. பிரேக் சரியில்லைன்னு எழுதிக் கொடுத்துட்டு வண்டியை எடுத்திருந்தாலும், இடிச்சா கேள்வி ஓட்டினவனுக்குத்தான். பிரேக்கை யாரும் கேக்க மாட்டாங்க. அடிபட்ட பொண்ணே அப்படிச் சொல்லச் சொல்றா. நீ எதுக்கு நடுவுல போய் நிக்கறே? சொல்லிட்டு வந்துடு."

"பொய்யாச்சேப்பா."

"பொய்தான்," என்றார் அப்பா.

விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் துணை முதல்வர். கண்டிப்பான அம்மா, ஆனால் சுண்டுவை முதலில் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

"அன்னைக்கு ஹூட் வேலை செஞ்சுதா?"

"செஞ்சுது மேடம். அக்கா போட மறந்துட்டாங்க."

"ஹாட்பிளேட்டைப் போட்டது யாரு?"

சுண்டு தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். "அக்காதான் மேடம்."

தீ பிடித்த அன்றே அந்தத் தளத்துக்கு மின்சாரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். விசிறியைப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போயிற்று. ஆய்வாளரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று முடிவானது. வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் நின்றிருந்த பேராசிரியர் அவளைப் பார்த்தார். அப்புறம் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்.

மேசையைத் தேய்த்து வண்ணம் பூசினார்கள். கரி பிடித்த சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கதவில் பெரிதாக ஒரு பலகை தொங்கியது: கவனமே பாதுகாப்பு. மின்சாரம் வந்ததும் சுண்டு முதல் வேலையாக ஹூட் பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. விசிறி ஓடவில்லை.

நேரே பேராசிரியரிடம் போனாள். "சார், விசிறி இன்னும் ஓடலை."

அவர் மேசை மேல் இருந்த பேனாவை நேராக்கி வைத்தார். "ஓடுதுன்னு அறிக்கையில இருக்கும்மா. இப்ப ஓடலைன்னு எழுதினா, எப்போலேர்ந்து ஓடலைன்னு கேப்பாங்க. அந்தப் பொண்ணோட பட்டத்துக்கான வைவா பரீட்சை முடியட்டும். கொஞ்ச நாள் போகட்டும், பார்த்துக்கலாம்."

தான் சொன்ன பொய் ஒரு மேசையின் ஓரத்தில் இப்படி நிரந்தரமாகக் குடியேறும் என்று சுண்டு நினைத்திருக்கவில்லை. ஓடுகிற விசிறியை யார் வந்து பழுது பார்ப்பார்கள்?

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். இடையில் ஒரு நிறுவனத்தில் வேலைக்கான நேர்காணலுக்குப் போய்விட்டு வந்தாள். என்ன ஆயிற்று என்று சுண்டு போனில் கேட்டபோது சிரித்தாள். "எல்லாம் நல்லாப் பேசினாங்க. கடைசியில ஒருத்தர் மட்டும், உங்க கவனக்குறைவால ஒரு லேபே எரிஞ்சுதாமேன்னு கேட்டாரு. ஆமான்னேன். வேற என்ன சொல்றது?" சிரிப்பு பாதியில் நின்றது. "பரவாயில்லடி. பட்டம் கைக்கு வந்தா வேற இடம் பார்க்கலாம்."

அடுத்த பருவத் தொடக்கத்தில் கூடத்துக்கு ஒரு முதலாண்டுப் பெண் வந்து சேர்ந்தாள். வாய் ஓயாத பெண். சுண்டுவை நாள் முழுக்க 'அக்கா அக்கா' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். குடுவை கழுவும்போது பாடுவாள். அந்தத் தூளின் வேலை நின்றுவிடக் கூடாதென்று பேராசிரியர் அவளுக்கும் கொஞ்சம் பிரித்துக் கொடுத்தார்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து சுண்டு அறைக்குள் வந்தாள். தித்திப்பான அந்த வாசனை வாசலிலேயே எதிர்கொண்டது. அந்தப் பெண் ஹூட்டுக்கு முன்னால் நின்று, திறந்த ஈதர் புட்டியைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது.

"வாங்கக்கா. சார்தான் கழுவச் சொன்னாரு. ஜன்னலைத் திறந்து வெச்சுட்டேன், கவலைப்படாதீங்க."

சுண்டு பாய்ந்து போய்ப் புட்டியைப் பிடுங்கி மூடினாள். அவசரத்தில் மூடி இரண்டு தடவை நழுவியது. "வெளிய போ."

"ஏன்க்கா? நான் என்ன பண்ணினேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலை. வெளிய போ!"

அந்தப் பெண் பேயறைந்தாற்போல் வெளியே போனாள். சுண்டு அறையைப் பூட்டினாள். படியிறங்கும்போது அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று போனைக் கையில் எடுத்தாள். சொன்னால் அக்கா வேண்டாம் என்பாள். அக்கா வேண்டாம் என்றால் தன்னால் போக முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. போனைப் பைக்குள் போட்டாள்.

துணை முதல்வர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"ஹூட் ஓடலை மேடம். அன்னைக்கும் ஓடலை, இன்னைக்கும் ஓடலை. ஹாட்பிளேட் என்னோடது. அக்கா ஒரு தப்பும் பண்ணலை."

துணை முதல்வர் எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"இதை அன்னைக்கே ஏன் சொல்லலை? யாராவது அப்படிச் சொல்லச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலை. நானாத்தான் சொன்னேன்."

அந்த மிச்சப் பொய் கொஞ்சமும் எடுபடவில்லை. அக்காவின் வாக்குமூலமும் அதே வார்த்தைகளில்தானே இருந்தது? அக்காவை மறுபடி கூப்பிட்டார்கள். பேராசிரியரையும் கூப்பிட்டார்கள். அவர் எதையும் மறுக்கவில்லையாம். கேட்டதற்கெல்லாம் "ஆமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாராம். அதன் பிறகு அவர் கல்லூரிக்கு வரவில்லை. நீண்ட விடுப்பு என்றார்கள்.

ஆட்கள் ஏணியோடு வந்து கட்டடம் முழுவதும் ஹூட்களைச் சோதித்தார்கள். பாதிக்குமேல் ஓடவில்லை. அத்தனைக்கும் புது விசிறி போட்டார்கள். கடைசி அறைக்கு மட்டும் போடவில்லை. அது சீல் வைத்துக் கிடந்தது. அக்காவின் ஆய்வேடு நின்றுபோயிற்று. வேறு பேராசிரியரைத் தேட வேண்டும், வைவா தள்ளிப்போகும், பொய் வாக்குமூலத்துக்குத் தனியாக விளக்கம் கொடுக்க வேண்டும். சுண்டு, படிப்பு முடியும் வரை எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் கால் வைக்கக் கூடாது என்றார்கள். அதோடு விடவில்லை. இனி இளநிலை மாணவர்கள் யாரையுமே ஆராய்ச்சியில் சேர்ப்பதில்லை என்று கல்லூரி முடிவெடுத்தது.

வகுப்பில் ஒருத்தி நேராகவே வந்து கேட்டாள்: "நீ யோக்கியமாகணும்னா ஆகிட்டுப் போ. எங்க பொழைப்பை எதுக்கு கெடுத்தே?" அந்த முதலாண்டுப் பெண் எதிரில் வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும்தான் எல்லாம் போயிற்று. பாட்டோடு வந்தவளுக்கு, ஒரு குடுவையில் தன் பெயரை ஒட்டிப் பார்க்கக்கூடக் கொடுத்து வைக்கவில்லை.

அப்பா மட்டும் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "பிரேக்கைப் பத்திக் கேக்க வெச்சுட்டியே" என்றார். பாராட்டா, வருத்தமா என்று குரலில் தெரியவில்லை.

அக்கா போனை எடுக்கவில்லை. சுண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்கே போனாள். இரண்டாம் மாடி. அக்காவின் அம்மா கதவைப் பாதி திறந்து வழியை மறித்தபடி நின்றாள்.

"தூங்கறா."

உள்ளே கணினியில் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. ஓர் எழுத்து. கொஞ்சம் இடைவெளி. இன்னோர் எழுத்து. பழக்கமில்லாத இடது கை.

"ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போயிடறேன்மா."

"அதான் தூங்கறான்னு சொல்றேனே." அந்த அம்மாவின் முகத்தில் கோபம்கூட இல்லை, ஓய்ந்துபோயிருந்தது. கதவை மூடப் போனவள் நின்றாள். "அந்தப் புதுசா வந்த பொண்ணு இருக்காளாமே. அவளுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"ஆகலைம்மா. நல்லாயிருக்கா."

"அவ அம்மாவுக்கு இதெல்லாம் தெரியவே போறதில்ல," என்றாள். "சரி, போயிட்டு வா."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தட்டச்சுச் சத்தம் சற்று நின்று, மறுபடி தொடங்கியது. சுண்டு சற்று நேரம் அதைக் கேட்டபடி படியில் நின்றிருந்துவிட்டு இறங்கினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனாள். அப்போதும் அக்கா தூங்குவதாகத்தான் சொன்னார்கள்.